வலது காலுக்கு மட்டும் வெள்ளை

புதுச்சேரி
24 பிப்ரவரி 1959

மரியாதைக்குரிய தொமினிக் அவர்களுக்கு,

வாழைக்காய் மண்டி கன்னியப்பன் மனைவி தனக்கொடி எழுதிக்கொள்வது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிற பைத்தியக்காரி இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நேரில் வந்து கேட்டால் தெருவே கூடிவிடும். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மோனிக் அண்ணி முகத்துக்காகத்தான் இந்தக் காகிதமும் மையும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் கையிலிருந்து பறந்து வந்த இரும்புக் குண்டு என் வீட்டுக்காரரின் வலது பாதத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு எலும்பு ஒடிந்திருக்கிறது. முழங்கால் வரை மாவுக்கட்டு. சித்திரை பிறக்கும்வரை அந்தக் கால் தரையில் படக்கூடாது, எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் ஆயுசுக்கும் நொண்டல்தான் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். பெரிய மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கி, ஏற்றி, காலால் நின்று பிழைக்கிற மனுஷன் அவர். உட்கார்ந்த இடத்துக்குப் பிரான்சிலிருந்து வந்து சேரும் பென்ஷன் எங்களுக்கு இல்லை.

உங்கள் பெத்தாங்க் விளையாட்டில் எனக்கு ஒரு மண்ணும் புரியாது. வளர்ந்த ஆண்கள் ஒரு மரக்கட்டை உருண்டையை வீசி, அதைச் சுற்றி இரும்புக் குண்டுகளைப் போட்டு, யார் குண்டு பக்கத்தில் என்று குனிந்து குனிந்து அளக்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் மைதானத்துப் பூவரச மரத்தில் ஒரு பலகை தொங்குகிறதே, அதை நானும் படித்திருக்கிறேன். “குண்டு எறியும்போது எவரும் உருண்டையின் அருகில் நிற்கலாகாது. எறிபவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். மீறுபவர் வெளியேற்றப்படுவர்.” பிரெஞ்சில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. எழுதியவர் யார்? நீங்கள். கையெழுத்து உங்களுடையது, சர்ழான் என்று பட்டாளத்துப் பதவி வேறு கீழே. எல்லாரையும் விரட்டுகிற அந்தச் சட்டம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று?

நேற்று ஆரஞ்சுப் பையோடு வாசலில் வந்து நின்றீர்கள். நான் கதவைச் சாத்தியது தெரியாமல் நடந்தது அல்ல. இனி அவரை விளையாட்டுக்குக் கூப்பிட வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
க. தனக்கொடி


புதுச்சேரி
27 பிப்ரவரி 1959

அன்புள்ள தங்கச்சி தனக்கொடிக்கு,

தொமினிக் எழுதுவது. ‘அவர்களுக்கு’ என்று போட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் அண்ணே, அண்ணே என்றவள் என்னை ஒரே நாளில் கச்சேரி குமாஸ்தா ஆக்கிவிட்டாய். மோனிக்கை மட்டும் அண்ணியாகவே வைத்திருக்கிறாய். நான் அண்ணன் இல்லையென்றால் அவள் எந்த வழியில் அண்ணி? அதைப் படித்துவிட்டு அவள் வேறு சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கன்னியப்பன் காலுக்காக நான் படுகிற வேதனையை எழுதத் தெரியவில்லை. அதை விடு. ஆனால் பழியை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். விஷயத்தை ஒழுங்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எங்கள் ஜோடியில் கன்னியப்பன் குண்டை உருட்டுகிறவன். மெதுவாக, பூனை நடப்பதுபோல, உருண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவான். நான் அடிக்கிறவன். எதிராளியின் குண்டு நல்ல இடத்தில் உட்கார்ந்தால் அதை ஆகாயத்திலிருந்து வந்து தட்டி அனுப்புவது என் வேலை. சைகோனில் விளையாடிய காலத்திலிருந்து இந்தக் கையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அன்றைக்கும் என் குறி தப்பவில்லை. எங்கே பார்த்தேனோ அங்கேதான் போட்டேன். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

கேள்வி ஒன்றுதான். அவன் ஏன் அங்கே நின்றான்?

இரண்டு வருஷமாக நிற்கிறான். நான் அடிக்கப் போகும்போதெல்லாம் எதிராளி குண்டின் பக்கத்தில் போய், வலது காலை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பான். முதலில் திட்டினேன். பலகையைக் காட்டினேன். “அட போடுண்ணே, என் கால் ராசி. நான் நின்னா உனக்கு விழும் பாரு” என்றான். விழுந்தது. அதற்கு முந்தைய மழைக்காலம் முழுக்க எனக்கு ஒன்றும் சரியாக விழாமல் இருந்தது, என்னவோ கெட்ட நேரம். அவன் நின்ற நாளிலிருந்து ஒன்றும் தப்பவில்லை. ராசியை எவனாவது பலகையைக் காட்டி விரட்டுவானா? குண்டு என் கையை விட்டுக் கிளம்பியதும் காலை இழுத்துக்கொள்வான். அன்றைக்கு இழுக்கவில்லை. அது என் குற்றமா?

ஆரஞ்சை மோனிக்கிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்கும் கதவைச் சாத்துவாயானால் சாத்திக்கொள்.

உன் அண்ணன்,
தொமினிக்


புதுச்சேரி
5 மார்ச் 1959

தொமினிக் அவர்களுக்கு,

ஆரஞ்சு வந்தது. அண்ணியை உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்பினேன். அதனால் உங்கள் மேல் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கால் ராசியாம்! நல்ல ராசி. அந்த ராசி இப்போது தலையணை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நான் விசிறுகிறேன்.

இந்த மனுஷனோடு நான் படுகிற பாட்டை யாரிடம் சொல்வது? மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டுச் சொறிகிறார். பிடுங்கிப் போட்டேன். மறுநாள் இன்னொரு குச்சி. கட்டு நனையக் கூடாது என்றால் அன்றைக்குத்தான் கிணற்றடிக்குத் தவழ்ந்து போகிறார். பார்க்க வருகிறவர்களோ ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கட்டைப் பிரித்து முட்டைப்பத்துப் போடு என்கிறார் ஒருத்தர். ஆட்டுக்கால் சூப்பு கொடு என்கிறார் இன்னொருத்தர், அதைக் குடிக்கத் தானும் இருந்துவிட்டுப் போகிறார். நான் விடிந்ததும் மண்டிக்குப் போய்த் தார் எண்ணி, மத்தியானம் வந்து இவருக்குச் சோறு போட்டு, மறுபடியும் போய் நிற்க வேண்டும். என் கால் எந்த நாள் ஒடியப் போகிறதோ.

நீங்கள் கேட்டதை நானும் கேட்டேன். “ஏங்க, அங்க ஏன் போயி நின்னீங்க?” என்றேன். மோட்டு வளையைப் பார்த்தார். “கம்முனு இரு தனம்” என்றார். 

இன்னொன்று. கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது அவருடைய கித்தான் சப்பாத்து கிடைத்தது. செருப்பே போடாத மனுஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று அதை வாங்கி வந்தபோதே கேட்டேன், வாழைக்காய் விற்கிறவருக்கு எதற்கு இந்தச் சோக்கு என்று. சனிக்கிழமை தோறும் சாக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துச் சப்பாத்துக்கு வெள்ளை அடிப்பார். இப்போது எடுத்துப் பார்த்தால், வலது காலுக்கு மட்டும் வெள்ளை. இடது கால் சப்பாத்து அழுக்கேறி, மண்டி கோணி மாதிரி இருக்கிறது. இது என்ன கூத்து? உங்கள் கிளப்பில் இப்படி ஏதாவது வழக்கமா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று ஒன்று சொன்னார் பாருங்கள், அதற்காகத்தான் கடிதம். ஈஸ்டர் திங்கட்கிழமை காரைக்கால்காரர்களோடு பந்தயமாமே. கட்டைக்கோல் ஊன்றிக்கொண்டு வருவாராம். “உருட்ட வேற ஆளு பாத்துக்கட்டும். நான் நின்னாப் போதும். இடது காலு இருக்குதில்ல?” என்கிறார். இருக்கிற ஒரு காலையும் கொண்டுபோய் உங்கள் குண்டுக்கு முன்னால் வைக்கப் போகிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் சொல்லுங்கள். அல்லது பந்தயத்துக்கு நீங்கள் போகாதீர்கள்.

தனக்கொடி


புதுச்சேரி
10 மார்ச் 1959

தங்கச்சிக்கு,

சப்பாத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிளப்பில் அப்படி வழக்கம் எதுவும் இல்லை. பைத்தியக்காரன், வேறென்ன.

கன்னியப்பனுக்குத் தனியாகச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஈஸ்டர் அன்று மைதானத்தின் பக்கம் தலை காட்டினால் நானே தூக்கிக்கொண்டு போய் ரிக்‌ஷாவில் போடுவேன் என்று. இது உத்தரவு. வேடிக்கை பார்க்க வேண்டுமானால் கயிற்றுக்குப் பின்னால், நாற்காலியில். இந்த வருஷம் கயிறு கட்டச் சொல்லிவிட்டேன். பலகையைக் கழற்றிப் புதிதாக எழுதுகிறேன், பெரிய எழுத்தில். பழைய எழுத்து மங்கிப்போய் ஒன்றுமே படிக்க முடியவில்லை. நீ எப்படிப் படித்தாயோ?

ஆனால் என்னைப் போகாதே என்று சொல்லாதே. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு எனக்கு வாரத்தில் ஆறு நாள் கிடையாது, தனக்கொடி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உண்டு. வருஷத்தில் ஈஸ்டர் பந்தயம் ஒன்றுதான் உண்டு. காரைக்கால்காரர்கள் போன தடவை தோற்றுவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வரவில்லை என்றால் தொமினிக் செத்துப்போய்விட்டான் என்று நினைப்பார்கள்.

இந்த வாரம் தனியாகப் போய்ப் பழகிப் பார்த்தேன். சரியாக அமையவில்லை. மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, மைதானத்தை எவன் இந்தத் திசையில் போட்டானோ. புதுக் குண்டின் எடையும் சரியில்லை. போதாக்குறைக்குச் சோடாக் கடை காத்தவராயன் தன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கண்ட இடத்தில் நிறுத்தியிருக்கிறான். குண்டு ஒன்று போய் அவனுடைய பாட்டில் வரிசையில் விழுந்துவிட்டது. அவனுக்கு ஒன்றுமில்லை, கையில் கண்ணாடிக் கீறல், அவ்வளவுதான். கத்தினான் பார், கொலை விழுந்த மாதிரி. அவன் என்ன, நடு மைதானத்திலா வியாபாரம் செய்வது? புதுப் பலகையில் வண்டிகளைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன்.

கன்னியப்பனிடம் சொல். அவன் கால் நன்றாக ஆகட்டும். ஈர்க்குச்சியைப் பிடுங்கிப் போடு, உள்ளே சீழ் வைத்துவிட்டால் காலையே எடுத்துவிடுவார்கள். இதையும் உத்தரவு என்று சொல்.

தொமினிக்


புதுச்சேரி
16 மார்ச் 1959

அண்ணே,

ஆமாம், அண்ணே என்றுதான் எழுதுகிறேன். இப்போது எழுதப் போவதை ‘அவர்களுக்கு’ எழுத முடியாது.

காத்தவராயன் கையில் துணி சுற்றிக்கொண்டு மண்டிக்கு வந்தார். வண்டி எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றதாம், பூவரச மரத்தடியில், மைதானத்துக்கு வெளியே. குண்டு கொஞ்சம் மேலே வந்திருந்தால் நெற்றியில் பட்டிருக்கும். “சர்ழான் அய்யா என்னெப் பாக்கவே இல்லக்கா. நான் கத்தினப்புறந்தான் இந்தாண்ட திரும்பினாரு” என்றார்.

உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். எழுத்தெல்லாம் பரங்கிக்காய் அளவு இருக்கிறது. ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பலகை மங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் இன்னும் கழற்றாத பழைய பலகைதான், பளிச்சென்று இருக்கிறது அண்ணே.

வீட்டுக்கு வந்து சப்பாத்தை அவர் மடியில் போட்டேன். இன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் சோறு கிடையாது என்றேன். அப்புறம்தான் சொன்னார்.

நீங்கள் கெட்ட நேரம் என்று எழுதினீர்களே, அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் உங்கள் ஜோடிக் குண்டையே எதிராளி குண்டு என்று நினைத்துத் தட்டிவிட்டீர்களாம். எல்லாரும் சிரித்தார்களாம். நீங்கள் வேண்டுமென்றே செய்ததுபோல நீங்களும் சிரித்தீர்களாம். இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் குண்டுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துண்டைப் போட்டுப் பார்த்தார். எதிராளிகள் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம்தான் சப்பாத்து. வலது காலுக்கு மட்டும் வெள்ளை, இரண்டு வெள்ளை தெரிந்தால் நீங்கள் குழம்பிவிடுவீர்கள் என்று.

“அண்ணன் கண்ணுல பஞ்சு அடைச்ச மாதிரி ஆயிடுச்சு தனம். சொல்ல மாட்டாரு, பட்டாளத்துக்காரரு. சொல்லிட்டோம்னா அன்னியோட வூட்டு மூலையில குந்திடுவாரு. நான் காலு வெச்சா எனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?” என்றார். என்ன குறையப் போகிறதாம், கேட்டீர்களா!

அன்றைக்கு ஏன் காலை இழுக்கவில்லை என்றும் கேட்டேன். வலது சப்பாத்தின் கயிறு அவிழ்ந்து இடது காலடியில் மாட்டிக்கொண்டதாம். கயிறு கட்டத் தெரியாத மனுஷனுக்கு இந்த வேலை.

நீங்கள் எழுதியது சத்தியம் அண்ணே. உங்கள் குறி தப்பவே இல்லை. உங்களுக்குத் தெரிந்தது அந்தச் சப்பாத்து ஒன்றுதான். அதிலேயே போட்டீர்கள்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். என் தலை போனால் போகட்டும், அவருடைய இடது கால் எனக்கு வேண்டும். உங்களுக்குக் கண் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பந்தயத்துக்குப் போகாதீர்கள்.

தங்கச்சி,
தனக்கொடி


புதுச்சேரி
19 மார்ச் 1959

மதாம் தனக்கொடி அவர்களுக்கு,

எனக்குக் கண் தெரியும்.

வாழைக்காய் மண்டியில் வைத்தியப் பரீட்சை நடத்துவதை நிறுத்திக்கொள்ளவும். எனக்கு இரக்கம் காட்ட உங்கள் வீட்டுக்காரருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் என்னை ஒரு குருட்டுக் கிழவனாக நினைத்துக்கொண்டு, என் எதிரில் ‘ராசி ராசி’ என்று பல்லைக் காட்டியிருக்கிறான். அப்படியென்றால் நான் ஜெயித்த பந்தயம் எல்லாம் அவன் போட்ட பிச்சையா? இதைவிட என் காலை அவன் உடைத்திருக்கலாம்.

ஈஸ்டர் திங்கட்கிழமை விளையாடுவேன். அவன் அங்கே வரக்கூடாது. இனி கடிதம் வேண்டாம். மோனிக்கிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம்.

தொமினிக்
ஓய்வுபெற்ற சர்ழான்


புதுச்சேரி
26 மார்ச் 1959

அண்ணே,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். உங்கள் உத்தரவுக்கு அடங்குகிறவள் நான் இல்லை. அடங்குகிற ஆளாக இருந்தால் இந்த வீட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்க முடியாது.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். தப்பு செய்தேனோ என்னவோ. அவர் அழுதார். கால் ஒடிந்த அன்றைக்கு அழாத மனுஷன். “நான் பிச்சை போட்டேன்னா நெனச்சிட்டாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் என் மேல் பாய்ந்தார், ஏன் சொன்னாய் என்று. எனக்கும் கோபம் வந்து கரண்டியைத் தூக்கிப் போட்டேன். இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷத்துக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டு சாகிறேன். ஒருத்தருக்குக் கண் தெரியாததைச் சொல்ல வாய் வரவில்லை. இன்னொருத்தருக்குக் கண் தெரியாததை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. கால் யாருடையது? அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

கட்டைக்கோலை ஒளித்து வைத்திருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை மண்டிக்கு நான் போயே ஆக வேண்டும், லாரி வருகிறது. நான் அந்தப் பக்கம் போனதும் இவர் இந்தப் பக்கம் ரிக்‌ஷா பிடிப்பார். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

வந்து நின்றாரானால், அதற்கு மேல் என்னால் செய்ய ஒன்றும் இல்லை. குண்டு உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் தங்கச்சி கேட்கிறேன், அது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

தனக்கொடி


புதுச்சேரி
31 மார்ச் 1959

தங்கச்சி தனக்கொடிக்கு,

நேற்று நடந்ததை உனக்கு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதையும் கேட்டுக்கொள்.

கன்னியப்பனுக்குப் பதிலாக வேறொருவனை உருட்டவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினோம். முதல் சுற்றில் எனக்கு அடிக்க வாய்ப்பே வரவில்லை. மனதுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், அது எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ள எனக்குப் பயம். இரண்டாவது சுற்றில் காரைக்கால்காரன் தன் குண்டைக் கொண்டுபோய் உருண்டையோடு ஒட்டி நிறுத்தினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குண்டு எறிகிற வட்டத்தில் போய் நின்றேன். எதிரே மண், புகை மாதிரி. குண்டு எது, கல் எது, ஆள் எது, ஒன்றும் பிரியவில்லை. வெயிலும் இல்லை நேற்று, வானம் மூடிக் கிடந்தது. சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை.

அப்போதுதான் ஒரு சத்தம். கட்டைக்கோல் மண்ணில் ஊன்றுகிற சத்தம். கட்டைக்கோலை நீ சரியாக ஒளித்து வைக்கவில்லை. கயிற்றைத் தாண்டி வந்துவிட்டான். யாரோ பிடித்தார்கள், உதறினான். “போடுண்ணே, நிக்கிறேன்” என்றான்.

தனக்கொடி, எனக்குத் தெரிந்தது. அந்த மாவுக்கட்டு தெரிந்தது. முழங்கால் வரை வெள்ளையாக, மைதானத்தில் வேறு எதுவுமே இல்லாத மாதிரி, அது மட்டும் தெரிந்தது. அவன் முகம் தெரியவில்லை. நான் உடைத்த கால் மட்டும் தெரிந்தது. என் கை தன்னால் பின்னால் போனது, அது வருஷக்கணக்காகப் பழகிய கை. குறி பார்த்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் போட்டிருப்பேன். மறுபடியும் அதே காலில், தப்பாமல்.

கையை இறக்கினேன். குண்டைக் கீழே வைத்தேன். நடந்து போய் அவன் தோளைப் பிடித்தபோதுதான் முகம் தெரிந்தது. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. “ஏன்டா, மடையா” என்றேன். “அண்ணே, நான் பிச்சை போடலண்ணே” என்றான். எல்லார் முன்னாலும் இரண்டு பேரும் அழுதோம். காரைக்கால்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்களாம், மோனிக் சொன்னாள். பந்தயம் அவர்களுக்குப் போய்விட்டது. போகட்டும்.

உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்கு முகம் இல்லை. காத்தவராயனிடம் நேரில் போய்க் கேட்டேன், வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அதிலேயே முட்டிக்கொண்டு. இன்று காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், இரண்டு கண்ணிலும் புரை, முற்றிவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மோனிக்கிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ திட்டுவாய்.

தொமினிக்


புதுச்சேரி
15 ஏப்ரல் 1959

அன்புள்ள அண்ணனுக்கு,

மோனிக் அண்ணி படித்துக் காட்டட்டும். அண்ணி, இவர் நடுவில் குறுக்கிட்டால் படிப்பதை நிறுத்திவிடுங்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று தெரிந்ததும் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். கண்கட்டோடு மல்லாந்து அசையாமல் படுத்திருக்கச் சொன்னால், நர்சம்மாவுக்குக் கவாத்து சொல்லிக்கொடுக்கிறீர்களாமே. இருமக் கூடாது, குனியக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது என்று டாக்டர் சொன்னது எந்தப் பட்டாளத்துக்கு? கொஞ்சமாவது சொன்னதைக் கேளுங்கள். உங்கள் பலகை சொல்வதை எல்லாரும் கேட்க வேண்டும், மற்றவர்கள் சொன்னதை நீங்கள் மட்டும் கேட்க மாட்டீர்கள்.

இங்கே நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகக் கூடியிருக்கிறது. உள்ளேயிருந்து மூன்று ஈர்க்குச்சி விழுந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? கால் முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் கோல் ஊன்றித்தான் நடக்க வேண்டும், தார் தூக்கக் கூடாது. மண்டியில் உட்கார்ந்து விலை சொல்லட்டும். அதற்கு வாய் போதும்.

சனிக்கிழமை உங்கள் கட்டை அவிழ்க்கிறார்கள் என்று அண்ணி சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். ஆரஞ்சு கொண்டுவருவேன். கையில் குண்டு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அறைக்குள் நுழைவேன், சொல்லிவிட்டேன்.

இன்று மத்தியானம் மண்டியிலிருந்து வந்தால் வீடெல்லாம் சாக்கட்டிக் கரைசல். இவர் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அந்தச் சப்பாத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! “இன்னும் புத்தி வரலியா உங்களுக்கு? மறுபடியும் எங்க போயி நிக்கப் போறீங்க?” என்று கத்தினேன்.

“ஆஸ்பத்திரிலதான். கட்டிலுக்குக் கால்மாட்டுல நிப்பேன்” என்றார். “கட்டு அவுக்கும்போது அண்ணன் மொதல்ல பாக்க ஏதாவது வேணுமில்ல?”

தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தேன், அண்ணே. இந்தத் தடவை இரண்டு காலுக்கும் அடித்திருக்கிறார். கயிற்றை நானே கட்டிவிட்டுத்தான் அழைத்து வருவேன்.

தங்கச்சி,
தனக்கொடி